53.4 என்பதை 55 என்று எழுதலாமா?

இராமநாதபுரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், தொண்டிக்குத் தெற்கே இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காட்டையும் அதனூடாக வனத்துறை நடத்தும் படகுச் சவாரியையும் காண வருவோர் அவ்வூரை அறிவர். மே, ஜூன் மாதங்களில் அப்பகுதியில் நடக்கும் இன்னொரு பயணத்தை அவர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. தேர்வு முடிவு வந்த பிள்ளைகள், சான்றிதழ்களை நெகிழிப் பையில் சுற்றிக்கொண்டு, தொண்டிக்கும் திருவாடானைக்கும் பேருந்தேறிச் சென்று கணினி மையங்களின் வாசலில் காத்து நிற்கிறார்கள். விண்ணப்பத்தை அவர்கள் நிரப்புவதில்லை. மையத்தில் இருப்பவர் நிரப்புகிறார். பிள்ளை பக்கத்தில் நின்றபடி கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு அப்படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் புதிது.

சென்ற ஆண்டு அப்பகுதியைச் சேர்ந்த பட்டியல் சாதி மாணவி ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார். இளங்கலை வரலாறு முடித்தவர், மொத்தத்தில் 53.4 விழுக்காடு. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். தகுதி மதிப்பெண் 55 விழுக்காடு எனப் படிவத்தில் இருந்ததைக் கண்ட மைய ஊழியர், "55-ன்னு போட்டுட்டேம்மா, எவன் போய்ப் பாக்கப் போறான்" என்று சொல்லிப் பணத்தைச் செலுத்தி முடித்துவிட்டார். "நான் போடச் சொல்லல தோழர். ஆனா மாத்தச் சொல்லவும் மனசு வரல. ஊர்ல இல்லாத தப்பா இது?" என்பதே அவருடைய கேள்வி.

அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. நேர்மை என்பது யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதில்லை என்பதை அறிந்தவரின் கேள்வி அது. ஆயினும் நாம் முதலில் செய்தது, அப்பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டைத் திறந்து பார்த்ததுதான். தகுதி மதிப்பெண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்கு 50 விழுக்காடு போதும். 53.4 என்று எழுதியிருந்தாலே அவர் தகுதியுடையவர். அவருக்காகச் சொல்லப்பட்ட பொய் அவருக்குத் தேவையே இல்லாத பொய்.

இதை ஒரு தனிநிகழ்வாக நாம் கருதவில்லை. தகுதி மதிப்பெண்ணில் பட்டியல் சாதி மாணவர்க்கு 5 விழுக்காடு தளர்வு அளிப்பது நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள நடைமுறை. அது சலுகை அன்று. போராடிப் பெற்ற உரிமை. அதனை அறியாத நிலையில் மாணவர் ஒன்று விண்ணப்பிக்காமலே விலகுகிறார், அல்லது யாரோ ஒருவர் அவருக்காக எண்ணைக் கூட்டிப் போடுகிறார். இரண்டாவதில் இழப்பு பெரிது. விண்ணப்பத்தின் அடியில், தந்த விவரங்கள் யாவும் உண்மை, தவறெனில் சேர்க்கை எந்நிலையிலும் ரத்து செய்யப்படலாம் என்ற உறுதிமொழி இருக்கிறது. அதில் கையொப்பமிடுபவர் மைய ஊழியர் அல்லர், மாணவர். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அசல் மதிப்பெண் பட்டியல் மேசைக்கு வரும்போது, 50 போதுமே என்ற வாதம் எடுபடாது. தகுதியிருந்தும், பொய் விவரம் தந்தவர் என்ற பெயரோடு வெளியேற வேண்டியிருக்கும். மதிப்பெண் பட்டியலையே திருத்தினால் அது போலி ஆவணக் குற்றம். பாரதிய நியாய சம்ஹிதையின் 336, 340 ஆம் பிரிவுகள் அங்கே வந்து நிற்கும். கட்டத்தில் தவறான எண்ணை இடுவதும் பட்டியலைத் திருத்துவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல; ஆனால் இடத்தை இழப்பதற்கு முதலாவதே போதும்.

தமிழகப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் மதிப்பெண்ணைத் தேர்வுத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று எளிது. எண்ணை மாணவரே தட்டச்சு செய்யும் இடங்களில்தான் சிக்கல்: தனியார் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், வெளிமாநில நிறுவனங்கள், முதுகலைப் படிப்புகள், உதவித்தொகைகள். இவற்றில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி ஏமாற்று அன்று, குழப்பம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் தரவரிசைக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் கணக்கு. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200. சான்றிதழில் அச்சாகியிருப்பதோ 600-க்கு. எந்தக் கட்டத்தில் எதை இடுவது என்பதை வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை மையத்தில் இருப்பவரைத்தான் நம்பியாக வேண்டும். 2021 ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பொதுத்தேர்வு நடவாமல், பத்தாம் வகுப்பு 50, பதினொன்றாம் வகுப்பு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையும் அகமதிப்பீடும் 30 என்ற விகிதத்தில் மதிப்பெண் பெற்றோர் பலர் இப்போது மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்கள் விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை. சான்றிதழில் உள்ளதை அப்படியே எழுதினால் போதும்.

கல்லூரி மாணவர்கள் பெரிதும் தடுமாறுவது தரப்புள்ளியை விழுக்காடாக மாற்றும் இடத்தில். 9.5-ஆல் பெருக்க வேண்டும் என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிடுகிறார். அது ஒரு காலத்தில் பத்தாம் வகுப்புக்காக சி.பி.எஸ்.இ. வகுத்த கணக்கு, பட்டப்படிப்புக்கு உரியதன்று. 6.2 பெற்ற ஒருவர் 9.5-ஆல் பெருக்கினால் 58.9, பத்தால் பெருக்கினால் 62. வெளிநாட்டு மேற்படிப்புக்காகப் பட்டியல் சாதியினருக்கு ஒன்றிய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேவையான மதிப்பெண் 60. ஒரே மாணவர், ஒரே உழைப்பு. பெருக்கும் எண்ணைப் பொறுத்துக் கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது. ஆகவே தமக்குச் சாதகமான கணக்கைத் தேர்ந்துகொள்வதும் தவறு, தமக்குப் பாதகமான கணக்கை அறியாமல் ஏற்பதும் தவறு. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் தன் மதிப்பெண் பட்டியலில் அச்சிட்டுள்ள முறையே செல்லும். அங்கே அச்சிடப்படவில்லையெனில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்று இணைக்க வேண்டும். அரியர் பற்றியும் இதையே சொல்வோம். அரியர் இருந்ததா என்று கேட்கும் படிவத்தில் இல்லை என்று எழுதுவது வீண்; எந்த மாதம், எந்த ஆண்டு தேறினீர் என்பது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. மீன்பாடு இல்லாத பருவத்தில் வேலைக்குப் போனதால் ஒரு பருவத்தேர்வை எழுதவில்லை என்றால், விளக்கத்துக்கு ஒதுக்கிய இடத்தில் அதையே இரண்டு வரியில் எழுதலாம். வெட்கப்பட வேண்டியது அந்த மாணவர் அல்லர்.

இக்கடற்கரையில் சொல்லியாக வேண்டிய இன்னொன்றும் உண்டு. தளர்வு மதிப்பெண் சாதிச் சான்றைச் சார்ந்தது. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைச் சார்ந்தோர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுகின்றனர். தலித் கிறித்தவர் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். அந்த ஆணை அநீதியானது என்பதே நம் நிலைப்பாடு. எனினும் அநீதியைப் படிவத்தில் ஒரு சொடுக்கால் திருத்திவிட முடியாது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கொன்றில், கிறித்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே பட்டியல் சாதிச் சான்று கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அச்சொல்லின் கடுமையை நாம் ஏற்கவில்லை. ஆனால் மைய ஊழியரின் விரல் தவறான வரியில் பட்டால், அச்சொல் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் மேல் விழும் என்பதை மறைக்கவும் கூடாது.

இனி, "ஊரில் இல்லாத தப்பா" என்ற கேள்விக்கு வருவோம். ஊரில் உள்ள தப்புதான். இதே இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 2020 இறுதியில் மருத்துவக் கலந்தாய்வுக்குச் சென்ற ஒருவரின் நீட் மதிப்பெண் ஆவணத்தில் 610 என்றிருந்தது. உண்மை மதிப்பெண் 27 என்று கண்டறிந்து மருத்துவக் கல்வி இயக்ககம் காவல்துறையில் புகார் அளித்தது. வறுமையில் உழன்ற குடும்பம் அன்று அது. படிப்பும் வசதியும் உடையது. அதற்கு முந்தைய ஆண்டு தேனி மருத்துவக் கல்லூரியில் வெளிப்பட்ட ஆள்மாறாட்டத்திலும் பணம் கைமாறியதே குற்றச்சாட்டு. அமெரிக்காவில் 2019 மார்ச்சில் அம்பலமான சேர்க்கை ஊழலில் செல்வந்தர்கள் ஓர் இடைத்தரகருக்குக் கொடுத்த தொகை ஏறத்தாழ 25 மில்லியன் டாலர். பிள்ளைகளின் தேர்வுத் தாள்கள் திருத்தப்பட்டன, விளையாடாத விளையாட்டில் வீரர்களாக அவர்கள் காட்டப்பட்டனர். இவற்றைக் கண்டு எவரும் அவர்களின் சாதியையோ இனத்தையோ தகுதியற்றது என்று சொல்லவில்லை. தனிமனிதர் தவறாகவே அவை முடிந்தன.

நமக்கு அப்படி முடிவதில்லை. ஒரு தலித் மாணவரின் ஒரு பொய் எண், "ஒதுக்கீட்டில் வந்தவர்கள் இப்படித்தான்" என்ற பேச்சுக்கு ஆண்டுக்கணக்கில் தீனியாகும். இது நீதியா என்றால் இல்லை. ஆனால் இதுவே களநிலை.

லூசியானா மாநிலத்தில் டி.எம். லாண்ட்ரி என்ற சிறிய தனியார் பள்ளி இருந்தது. அங்கே படித்தோரில் பெரும்பாலோர் உழைக்கும் வர்க்கத்துக் கறுப்பினப் பிள்ளைகள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த செய்தியைக் கேட்டு அவர்கள் துள்ளிக் குதிக்கும் காணொளிகள் உலகெங்கும் பரவின. 2018 நவம்பர் இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு, அப்பள்ளி மதிப்பெண் பட்டியல்களைப் போலியாகத் தயாரித்ததையும், பிள்ளைகள் பட்ட துன்பங்களை மிகைப்படுத்தி விண்ணப்பக் கட்டுரைகள் எழுதியதையும் வெளியிட்டது. படிக்காத பாடத்தைப் படித்ததாகக் காட்டியதால் அடிப்படை இன்றிக் கல்லூரிக்குள் நுழைந்த சிலர் அங்கே திணறினர். நன்மை செய்வதாகச் சொல்லி ஒடுக்கப்பட்டோரின் பெயரில் சொல்லப்பட்ட அந்தப் பொய்யின் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகளே. காரங்காட்டுப் பகுதி மாணவிக்கு "உதவிய" மைய ஊழியரை நாம் தீயவர் என்று எண்ணவில்லை. அவரும் உதவுவதாகவே நினைத்தார்.

குறைந்த மதிப்பெண்ணை எழுதுவதற்குக் கூசுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1907 இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது பெற்றது 750-க்கு 282. விழுக்காட்டில் 38-ஐத் தொடாத எண். அது அவர் வாழ்க்கை வரலாற்றில் மறைக்கப்படவில்லை. பம்பாயில் அன்று ஒரு தீண்டப்படாத சிறுவன் தேறியதே கூட்டம் கூட்டிக் கொண்டாடப்பட்டது. 1913 இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். எண் அளந்தது வகுப்பறைக்கு வெளியே உட்கார வைக்கப்பட்ட ஒருவரின் ஆற்றலை அன்று. அவரை உட்கார வைத்த சமூகத்தையும் சேர்த்தே அளந்தது. அந்த எண்ணைக் கூட்டி எழுதியிருந்தால் சமூகத்தின் மீதான அந்தச் சாட்சியம் அழிந்திருக்கும்.

கொலம்பியா என்றதும் ஓர் இடைச்செருகல். அதே பல்கலைக்கழகம் தரவரிசைக்காகத் தான் அளித்த எண்கள் மெய்யல்ல என்று அங்கேயே பணிபுரியும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022 இல் எடுத்துக்காட்டினார். வகுப்பு அளவு, ஆசிரியர் தகுதி பற்றிய விவரங்களில் பிழை இருந்ததைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. பட்டியலில் 2 ஆம் இடத்திலிருந்து 18 ஆம் இடத்துக்கு இறங்கியது. மாணவரிடம் ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் உறுதிமொழி வாங்கும் நிறுவனங்கள் தம் எண்களுக்கு எந்த உறுதிமொழியில் கையொப்பமிடுகின்றன?

நம் நாட்டுக் கணக்கும் குறைவில்லை. 2017 ஏப்ரல், மே பருவத்தேர்வு மறுமதிப்பீட்டில் பணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண் உயர்த்தப்பட்டதாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உட்பட 10 பேர் மீது 2018 இல் ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிந்தது. 2024 நீட் தேர்வில் முதலில் 67 பேர் முழு மதிப்பெண் 720 பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நேர இழப்புக்காக 1563 பேருக்குக் கொடுத்த கூடுதல் மதிப்பெண் பின்னர் நீக்கப்பட்டது. இயற்பியல் வினா ஒன்றுக்கு இரு விடைகளை ஏற்றதும் திருத்தப்பட்டது. இறுதிப் பட்டியலில் முழு மதிப்பெண் பெற்றோர் 17 பேர். ஓர் எண்ணில் மாணவர் பிழை செய்தால் வாழ்க்கை. அமைப்பு பிழை செய்தால் திருத்திய முடிவு. அரியலூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற 1200-க்கு 1176 என்ற எண்ணில் பொய் ஏதுமில்லை. பழைய கணக்கில் 196.75 கட்-ஆஃப். அந்த மெய்யான எண் செல்லாது, நீட்டின் 86 மட்டுமே செல்லும் என்று 2017 இல் சொன்னவர்கள் தேர்வறைக்கு வெளியே இருந்தவர்கள்.

மதிப்பெண் மெய்யாக இருந்தும் மறைக்கப்படும் இன்னோர் இடம் தரவரிசை. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு ஒதுக்கீடு போக எஞ்சும் 31 விழுக்காடு பொதுப்போட்டிக்கு உரியது, உயர்சாதியினருக்கு உரியதன்று. பொதுப்போட்டிக் கட்-ஆஃபுக்கு மேல் பெற்ற தலித் மாணவரை அந்த 31-இல் வைக்காமல் 18-க்குள் தள்ளினால், அவருக்குப் பின்னால் நின்ற இன்னொரு தலித் மாணவரின் இடம் போகிறது. தகுதியால் பொதுப்பிரிவில் வரக்கூடியவரை அங்கேயே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில், வேலைவாய்ப்புத் தொடர்பாக வலியுறுத்தியது. 2024 ஆகஸ்டில் ராம்நரேஷ் வழக்கில், மத்தியப் பிரதேச அரசுப் பள்ளி மாணவர்க்கான மருத்துவ இடங்களுக்கும் அதையே பொருத்தியது. மாணவர் அமைப்புகள் சேர்க்கை முடிந்ததும் கேட்க வேண்டியது இதைத்தான்: ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன, பொதுப்போட்டியில் இடம் பெற்ற பட்டியல் சாதியினர் எத்தனை பேர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் அரசுக் கல்லூரிகளிடம் கேட்டு வாங்கலாம். தம் விடைத்தாளையே கேட்டுப் பார்க்கும் உரிமை மாணவர்க்கு உண்டு என்று ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூட்டல் பிழையால் 53 ஆனது 55 ஆகவும் கூடும். அதைத் தேடவேண்டிய இடம் விடைத்தாள்.

விண்ணப்பம் என்றால் நினைவுக்கு வருவது செண்பகம் துரைராஜன் வழக்கு. 14 இடங்களில் 2 என நம் மக்களுக்குப் பங்களித்த சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணை அவ்வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று வீழ்ந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்படும் என்று வழக்குத் தொடுத்த அம்மனுதாரர் அக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. விண்ணப்பிக்காதவரின் குறை கேட்கப்பட்டது. அதன் பின்னர் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது வேறு கதை. படிவத்தின் ஒரு தசமப் புள்ளிக்காக வெளியேற்றப்படக்கூடிய நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது.

அம்மாணவியின் விண்ணப்பத்துக்குத் திருத்தம் செய்யும் நாள்கள் மூன்று எஞ்சியிருந்தன. 55-ஐ அழித்து 53.4 என்று இட்டு, பட்டியல் சாதிப் பிரிவு சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பார்த்து, அச்சுப்படி எடுத்துக்கொண்டார். முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காத்திருப்பில் இருந்து இரண்டாம் சுற்றில் இடம் கிடைத்தது. இவ்வாண்டு அவருடைய தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் தனியார் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கச் சென்றபோது, பணம் செலுத்தும் முன் அச்சுப்படியைக் கேட்டு வாங்கி, தொலைபேசியில் அக்காவுக்கு ஒவ்வொரு பாடமாக வாசித்துக் காட்டியிருக்கிறான். வேதியியலில் 67 என்பது 76 என்று பதிவாகியிருந்தது. மையத்தில் அன்று கூட்டம் அதிகமாம். திருத்திக் கொடுக்கும்வரை அவன் நாற்காலியை விட்டு எழவில்லை.